வாசல்ல பென்ஸ் நிக்கிது, அவருக்கென்ன குறை?



கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து வாசியுங்கள். அவசரக்காரர்கள் கடைசிப் பந்திக்குப் பாய்ந்து போகலாம். ஆனால் நடுவில் இருக்கிற கணக்கை வாசிக்காமல் கொமென்ட் போட வராதீர்கள். நான் கணிதம் படிப்பிக்கிறவன். செய்கை காட்டாத விடைக்குப் புள்ளி போட மாட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் ஒரு வசனம் இருக்கிறது: "வாசல்ல பென்ஸ் நிக்கிது, அவருக்கென்ன குறை?" இந்த வசனத்தை என்னைப் பற்றியும் சொல்கிறார்கள், என்னைப் போல இன்னும் நாலைந்து பேரைப் பற்றியும் சொல்கிறார்கள். 2021 ஜூலையில் இருந்து ஒக்டோபர் வரைக்கும் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் போராடியபோது, "பென்ஸ்ல வாற வாத்திமாருக்கும் சம்பளம் கூட்டணுமாம்" என்று முகநூலில் எழுதினவர் எங்கள் ஊர்க்காரர். எழுதட்டும், சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். ஆனால் அந்த வசனம் சிரிப்போடு நிற்பதில்லை. அது ஒரு குடும்பத்தின் பெயரை உதவிப் பட்டியலில் இருந்து வெட்டுகிறது. இன்னொரு பக்கம் எங்கள் பிள்ளைகளைக் கடனில் தள்ளுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வாதம் ஒன்றே ஒன்று. முப்பது வருடப் பழைய பென்ஸ் காரை அன்றாடம் ஓட்டுகிறவன் ஆடம்பரக்காரன் இல்லை. ஆடம்பரம் என்று எதையாவது சொல்லத்தான் வேண்டும் என்றால், மாதச் சம்பளத்தை விடப் பெரிய தவணையில் ஓடுகிற புதுக் காரைச் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் கார் என்ன கார் என்று பார்ப்போம். நான் 2019இல் வாங்கியது 1990ஆம் ஆண்டு 230ஈ. கார் தெரிந்தவர்கள் இதை டபிள்யூ 124 என்பார்கள். இந்த மொடலை ஜேர்மனியில் 1984 கடைசியில் அறிமுகப்படுத்தினார்கள், சலூன் கார் 1995 வரை அங்கே உற்பத்தியானது. எல்லா வடிவங்களையும் சேர்த்தால் 25 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். அங்கே டொக்டரும் ஓட்டினார், டக்ஸிக்காரரும் ஓட்டினார். இங்கே வந்து இறங்கியபோது அது பணக்காரன் வீட்டுக் கார்தான், அதை நான் மறுக்கவில்லை. அந்த நட்சத்திரத்துக்கான காசையும் அதற்குரிய வரியையும் முதல் சொந்தக்காரர் கட்டி முடித்துவிட்டார். அவருக்குப் பிறகு இரண்டு மூன்று பேர் கைமாறி, நான் வாங்கும்போது ஒரு பாவித்த அல்டோவின் விலைக்கு வந்திருந்தது. வாப்பாவின் வயற்காணியில் எனக்கு வந்த பங்கை விற்ற காசு அது. லீசிங் இல்லை, பைனான்ஸ் இல்லை, யாருடைய பிணைக் கையெழுத்தும் இல்லை.

பெயர்தான் பென்ஸ். விலை அல்டோ. ஊர் பெயரை மட்டும் பார்க்கிறது.

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஒருவர் கையில் 45 லட்சம் இருக்கிறது. அவருக்கு இரண்டு வழி.

முதலாவது வழி: 95 லட்சத்துக்கு ஒரு சின்ன ரீகண்டிஷன் கார். கையில் இருக்கிற 45 லட்சத்தையும் முற்பணமாகக் கட்டி, 50 லட்சத்தை லீசிங் எடுக்கிறார். வருடத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து, குறைந்து செல்லும் மீதியில், ஐந்து வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 1 லட்சத்து 19 ஆயிரம். அறுபது மாதத்தில் கட்டுவது 71 லட்சத்துக்கு மேல். அதாவது வட்டி மட்டும் 21 லட்சத்துக்கு மேல். அறுபதால் பிரித்தால் மாதத்துக்கு 35 ஆயிரத்துச் சொச்சம் வட்டிக்கு மட்டும் போகிறது. வட்டி பற்றி மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை, அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நான் கூட்டல் கழித்தல் மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது வழி: 35 லட்சத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய பென்ஸ் ஒன்று. மிச்சம் 10 லட்சம் கராஜ் செலவுக்கென்று தனியாக வங்கியில். கடன் பூச்சியம்.

"பெற்றோல் குடிக்குமே சேர்!" என்பீர்கள். ஆம், குடிக்கும். அதையும் கணக்கில் சேர்ப்போம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓட்டம். சின்னக் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் 67 லீற்றர். என்னுடையது ஊருக்குள் லீற்றருக்கு 8 ஓடும், அப்படியானால் 125 லீற்றர். வித்தியாசம் 58 லீற்றர். லீற்றர் 350 ரூபா என்று வைத்தால் மாதத்துக்கு 20 ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாகப் போகிறது.

"கராஜ்ல கொண்டுபோய்க் கொட்டணுமே!" என்பீர்கள். அதுவும் சரி. நான் ஒவ்வொரு செலவையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுகிறேன். கடைசி மூன்று வருடத்தில் டயர், பற்றரி, ஒயில், பிரேக், முன்பக்க புஷ்கள், ரேடியேற்றர், ஏசி எல்லாம் சேர்த்து 5 லட்சத்து 80 ஆயிரம். முப்பத்தாறால் பிரித்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 16 ஆயிரம்.

இருபதும் பதினாறும் முப்பத்தாறு. அங்கே வட்டி முப்பத்தைந்தரை.

நன்றாகப் பாருங்கள். பழைய பென்ஸின் கூடுதல் பெற்றோலும் முழுக் கராஜ் செலவும் சேர்ந்து வருகிற தொகை, சின்னக் காரின் வட்டிக்கு மட்டும் போகிற தொகைக்குச் சமன். அந்தச் சின்னக் காருக்கும் சேர்விஸ் உண்டு, டயர் உண்டு. லீசிங் முடியும் வரை முழுக் காப்புறுதியும் போட்டே ஆக வேண்டும். அதையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதலாக இன்னும் 50 லட்சம் கட்ட வேண்டும் என்பதையும் சேர்க்கவில்லை. "கடைசியில் கார் சொந்தமாகுமே" என்பீர்கள். ஆகும், ஐந்து வயது கூடிய காராக ஆகும். என் காருக்கு விழ வேண்டிய விலை நான் வாங்க முன்னரே விழுந்துவிட்டது.

ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய வித்தியாசம் தொகையில் இல்லை. கராஜ் செலவு என் கையில் இருக்கிறது, தவணை என் கையில் இல்லை. பிரேக்கும் ஸ்டியரிங்கும் டயரும் உடனே பார்க்க வேண்டியவை, அதில் விளையாடக் கூடாது. மற்றதெல்லாம் காத்திருக்கும். ஏசி வேலை செய்யாவிட்டால் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு மாதம் ஓட்டலாம். சம்பளம் போதாத மாதத்தில் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகலாம். தவணைக்கு அப்படி ஒரு மரத்தடி கிடையாது.

இது நான் கற்பனையில் சொல்வதில்லை. 2022ஐ மறந்துவிட்டோமா? ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் 470 ரூபா, 95 ஒக்டேன் 550 ரூபா. செட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. பிறகு கியூஆர் வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர். என் பென்ஸுக்கு அது 160 கிலோமீற்றர். பாடசாலைக்குப் போக வர ஒரு நாளைக்கு 18 கிலோமீற்றர், ஐந்து நாளைக்குத் தொண்ணூறு. போதுமாகத்தான் இருந்தது. போதாத வாரம் சைக்கிளில் போனேன். கார் நின்றது, அதனால் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டி வரவில்லை. அதே மாதங்களில் எத்தனை பேர் பெற்றோல் இல்லாமல் நிற்கிற காருக்குத் தவணை கட்டினார்கள்? அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. தொழிலும் படுத்தது, வட்டியும் ஏறியது. கட்ட முடியாதவர்களின் வாகனத்தை லீசிங்காரர்கள் வீதியில் மறித்துத் தூக்கிக்கொண்டு போனதை எங்கள் ஊரும் பார்த்தது. அப்படி வாகனம் போனவர்களை நான் இழிவாகச் சொல்லவில்லை. அவர்களில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது எது என்பதுதான் என் கேள்வி.

தள்ளியது நாம்தான். "அவர் இன்னும் அந்தப் பழைய காரிலயா?" என்று கேட்கிற நம் வாய்தான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தார்கள். திறந்த உடனே ஊரில் பேச்சு "யார் என்ன எடுக்கிறார்" என்றுதான் இருந்தது. எப்படி எடுக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. வெசலில் வந்து இறங்கினால் "மாஷா அல்லாஹ், நல்லா வந்துட்டார்". அதற்குப் பின்னால் மனைவியின் நகை அடகில் இருக்கிறதா, தம்பியும் மச்சானும் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவது பளபளப்பு மட்டும்.

பழைய பென்ஸுக்கோ இரண்டு விதமான பேச்சு. ஒன்று, "காசு கூடிப்போச்சு". மற்றது, "பழைய இரும்பைக் கட்டி அழுகிறார்". ஒரே ஆள் ஒரே காரைப் பற்றி இரண்டையும் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். இதில் இன்னொரு வேடிக்கை. அதே ஆள் மகளுக்குக் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பழைய பென்ஸ் தேடி கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போன் அடிப்பார். பூ வைத்து ஒரு நாள் ஓடினால் கௌரவம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினால் ஆடம்பரம்.

மொரோக்கோ நாட்டுக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே ஊர் விட்டு ஊர் போகிற "பெரிய டக்ஸி" பல வருடங்களாகப் பழைய பென்ஸாகத்தான் இருந்தது, பெரும்பாலும் 240டி. முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் நாலு பேர் என்று ஆறு பயணிகளை அடைத்து ஏற்றினார்கள். சந்தைக்குப் போகிற கிழவியும் கூலி வேலைக்காரனும் போனது அதில்தான். ஐரோப்பாவில் ஓடி முடித்த கார்கள் அங்கே போய் இன்னொரு ஆயுள் ஓடின. கிரேக்க நாட்டு டக்ஸிக்காரர் ஒருவர் தன் 1976ஆம் ஆண்டு 240டியை, எஞ்சினைப் பல தடவை மாற்றி மாற்றி, 46 லட்சம் கிலோமீற்றர் ஓட்டினார். அந்தக் கார் இன்று அந்தக் கம்பனியின் அருங்காட்சியகத்துக்கு உரியது. ஒரு ஊரில் ஏழையின் பஸ், இன்னொரு ஊரில் பணக்காரனின் சின்னம். காரில் ஒரு மாற்றமும் இல்லை. பார்க்கிற கண்ணில்தான் வித்தியாசம்.

இனி, இந்தப் பதிவை வாசித்துவிட்டு நாளைக்கே பழைய கார் தேடி ஓடப்போகிற தம்பிமாருக்கு. கொஞ்சம் நில்லுங்கள். பழைய பென்ஸ், பழைய பி.எம்.டபிள்யூ என்றால் எல்லாம் ஒன்றல்ல. நான் நியாயம் பேசுவது எளிமையான எஞ்சின் உள்ள, பிழை எங்கே வரும் என்று எல்லாருக்கும் தெரிந்த கார்களுக்கு மட்டும்.

என் காரின் எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். அதன் பிழைகள் பழைய பிழைகள், முப்பது வருடமாக எல்லா நல்ல பாஸ்மாருக்கும் தெரிந்தவை. அதே டபிள்யூ 124இலேயே 1993க்குப் பிறகு வந்த சில எஞ்சின்களின் வயர் உறை தானாக உதிரும். அப்படியானதை வாங்குவதென்றால் வயரிங் மாற்றியிருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். ஏசியின் கூலர் டாஷ்போர்டுக்கு உள்ளே புதைந்திருக்கிறது. அது ஓட்டையானால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். சாமான் விலையை விடக் கூலி பெரிதாக வரும். அதனால் ஏசி குளிராத காரை "கேஸ் அடித்தால் சரி" என்று சொல்லி விற்க வந்தால், அந்த வார்த்தையை நம்பாதீர்கள்.

அதற்கு அடுத்து வந்த டபிள்யூ 210இன் பெரிய நோய் கறள். நம்முடையது கடற்கரை ஊர். உப்புக் காற்று ஜப்பான் காரையே தின்கிறது, இதை விடுமா? ஜேக் வைக்கும் இடம், கதவின் கீழ் விளிம்பு, மட்கார்ட் ஓரம் எல்லாவற்றையும் குனிந்து தொட்டுப் பாருங்கள். மேலே புதுப் பெயின்ட் பளபளத்தால் சந்தேகம் இன்னும் கூட வேண்டும். 2002இல் வந்த டபிள்யூ 211இன் ஆரம்ப வருடக் கார்களில் பிரேக்கே கம்பியூட்டர் வழியாக இயங்குகிறது. டபிள்யூ 220 எஸ் கிளாஸ் காற்றுப் பையில் நிற்கிறது. காலையில் எழும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் படுத்திருக்கும். அது சம்பளக்காரனுக்கு உரிய கார் இல்லை. சி 180 கொம்பிரஸர் என்று நம் இளைஞர்கள் ஆசைப்படுகிற காரில் பல எஞ்சின்களுக்கு டைமிங் செயின் நீளும். பி.எம்.டபிள்யூ ஈ46 என்றால் தண்ணீர் தாங்கி, பைப்புகள் எல்லாம் பிளாஸ்டிக். சூட்டில் வெடித்து, கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சின் ஹெட் வளையும். இவற்றை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. இந்த வேலைகள் ஏற்கெனவே செய்யப்பட்டிருக்க வேண்டும், அல்லது செய்வதற்கான காசு உங்கள் கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கார் உங்கள் வாசலில் கல்லின் மேல் நிற்கும். அப்படி நிற்கிற இரண்டு மூன்று கார்களை எல்லாருக்கும் தெரியும்.

சாமான் விஷயம். எங்கள் பக்கத்தில் இந்தக் கார்களுக்கு வேலை தெரிந்த கராஜ் குறைவு. கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் குறைவு, ஆனால் அங்கே போய் "பென்ஸுக்கு புஷ் தாங்க" என்று கேட்டால் முகத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போங்கள். நட்சத்திரம் அடித்த பெட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கவும் தேவையில்லை. கம்பனிக்கே சாமான் செய்து கொடுத்த பொஷ், லெம்ஃபோர்டர், சாக்ஸ் போன்றவர்களின் சொந்தப் பெட்டியில் அதே சாமான் விலை குறைவாகக் கிடைக்கும். போலி எது, நல்லது எது என்று தெரிந்த ஒரு பாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு உரிய கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். நல்ல பாஸ் இல்லாமல் பழைய பென்ஸ் வைத்திருக்க முடியாது.

பாதுகாப்பு பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "இரும்பு கனம், அடிபட்டால் ஒன்றும் ஆகாது" என்பது கராஜ் கதை. இன்றைய நல்ல காரில் இருக்கிற பாதுகாப்பு இதில் இல்லை. பல பழைய கார்களில் பயணிகளுக்கு ஏயர்பேக்கே கிடையாது. ஆனால் நாம் அதற்குப் பதிலாக ஓட்டுவது என்ன? 2014இல் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவின் அல்டோ 800ஐ மோதிப் பார்த்தபோது, ஏயர்பேக் இல்லாத அந்தக் காருக்குப் பெரியவர்களின் பாதுகாப்பில் கிடைத்தது பூச்சிய நட்சத்திரம். அதனால் பாதுகாப்பைக் காட்டி என் காரை மட்டும் குறை சொல்ல வேண்டாம். எதை ஓட்டினாலும் பெல்ட் போடுங்கள், பின் சீட்டில் இருக்கிற பிள்ளைக்கும் போடுங்கள்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களும் கீழே சொல்ல வேண்டாம்.

கொரோனா முடக்க காலத்தில் ஓர் ஊரில் உலர் உணவுப் பட்டியல் தயாரித்தார்கள். ஒரு விதவைத் தாய், படிக்கிற இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் சாதாரண உத்தியோகத்தில் இருந்து மௌத்தாகிப் போனவர். அவர் ஆசைப்பட்டு எப்போதோ வாங்கிய ஒரு பழைய 240டி வாசலில் நின்றது. இரண்டு வருடமாக ஸ்டார்ட் ஆகவில்லை. டயர் நாலும் இறங்கி, வைப்பருக்குக் கீழே புல் முளைத்திருந்தது. பட்டியலைப் பார்த்த ஒருவர், "வாசல்ல பென்ஸ் நிக்கிது, அவங்களுக்கென்ன குறை?" என்றார். பெயரை வெட்டினார்கள். யாரும் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கவில்லை. "அப்படியானால் காரை வித்திருக்கலாமே" என்று பிறகு சொன்னார்கள். பத்திரம் மௌத்தானவர் பெயரில், எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஊரடங்கில் யார் வந்து வாங்குவது? அந்தத் தாய் கேட்டு வரவும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு எப்படிக் கேட்பார்?

அதே பட்டியலைத் தயாரித்தவர்களில் லீசிங்கில் ஓடுகிற வாகனத்தில் வந்து இறங்கியவர்களும் இருந்தார்கள். அவர்களின் கடனைக் கழித்தால் அந்தத் தாயை விட ஏழைகளாகக் கூட இருக்கலாம். ஆனால் அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, ஏனென்றால் கார் புதுசு.

இதைத்தான் நான் தவறு என்கிறேன். ஒரு மனிதனின் வசதியை அவன் வாசலில் நிற்கிற இரும்பின் பெயரை வைத்து அளக்கிற பழக்கம். அது ஒரு பக்கம் இல்லாதவனை இருப்பவன் ஆக்கி, அவனுடைய உரிமையைப் பறிக்கிறது. மறுபக்கம் கடனாளியைத் தனவந்தன் ஆக்கி, இன்னும் கடன் வாங்க வைக்கிறது. நடுவில் எங்கள் பிள்ளைகள் இதைப் பார்த்து வளர்கிறார்கள். என் வகுப்பில் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டு வட்டி கணக்கு வராது, ஆனால் எந்தக் காருக்கு எவ்வளவு முற்பணம் என்று தெரியும்.

கல்யாணப் பேச்சிலும் இதே கதைதான். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தே பெற்றார் அரைவாசி ஆகிறார்கள். இப்போது மாப்பிள்ளைக்கு வாகனமும் என்று வந்திருக்கிறது. "பழசு வேணாம், ரீகண்டிஷன் என்றாலும் பரவாயில்லை" என்று பேரம் வேறு. பெண்ணின் வாப்பா லீசிங் எடுத்து மருமகனுக்குக் கார் கொடுக்கிற ஊரில், பழைய கார் ஓட்டுகிறவனை விரயக்காரன் என்று சொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில், ஸகாத் குழுவில், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிற சகோதரர்களே, உதவிப் பட்டியல் தயாரிக்கும்போது வாசலைப் பார்த்து எழுதாதீர்கள். வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, படிக்கிற பிள்ளைகள் எத்தனை, வீட்டில் நோயாளி உண்டா என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாகனம் உண்டா என்று கேட்கிறீர்களா, அது என்ன வருடம், ஓடுகிறதா, யாருக்குக் கடன் என்றும் கேளுங்கள். படிவத்தை நான் இலவசமாகத் தயாரித்துத் தருகிறேன்.

தம்பிமாரே, பழைய கார் எடுப்பதென்றால் முழுக் காசையும் காருக்குக் கொடுக்காதீர்கள். விலையில் குறைந்தது நாலில் ஒரு பங்கை வேறாக வைத்திருங்கள். அந்தக் காசு இல்லையென்றால் பழைய பென்ஸும் வேண்டாம், லீசிங்கில் புதுசும் வேண்டாம். மோட்டார் சைக்கிள் மானம் கெட்ட வாகனம் இல்லை. மற்றவன் பார்ப்பதற்காகப் பழைய பென்ஸ் வாங்குகிறவனுக்கும் மற்றவன் பார்ப்பதற்காக வெசல் வாங்குகிறவனுக்கும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே கடையில்தான் ஏமாறுகிறார்கள்.

சகோதரிகளே, தாய்மாரே, "பக்கத்து வீட்டில் புதுக் கார் வந்துட்டு" என்று வீட்டில் சொல்ல முன்னர், அந்த வீட்டின் தவணைத் திகதியையும் விசாரித்துப் பாருங்கள்.

என் கணக்கில் பிழை இருந்தால் காட்டுங்கள், ஆனால் இலக்கத்தோடு வாருங்கள். "வாத்திக்குப் பென்ஸ் தேவையா" என்று மட்டும் எழுதினால் பதில் தர மாட்டேன். சீ.ஆர். கொப்பி வீட்டில் இருக்கிறது, எந்த சாமான், எந்தத் திகதி, எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். பழைய கார் எடுக்க நினைக்கிற யாரும் அஸருக்குப் பிறகு வந்து பார்க்கலாம். முற்பணம் கொடுக்க முன்னர் வாருங்கள். கொடுத்த பிறகு வந்தால் தேத்தண்ணி மட்டும்தான் தரலாம்.